அழாத குழந்தை

1949 வாக்கில் நீங்கள் லண்டனில் வசிக்கிறீர்கள், உங்கள் இரண்டு வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைஸ் மருத்துவமனை என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 முதல் 4 வரை போய்ப் பார்க்கலாம். செயின்ட் பார்த்தலோமியூ என்றால் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். சேரிங் கிராஸில் ஞாயிறு 3 முதல் 4. லண்டன் ஹாஸ்பிட்டலில் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் போய்ப் பார்க்க அனுமதியே இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் அதுவும் கிடையாது. செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் யாரும் வரக் கூடாது. ஆனால் இரவு 7 முதல் 8 வரை, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்க்கலாம்.

கடைசி விதியை இன்னொரு முறை படியுங்கள். அம்மா குழந்தையைப் பார்க்கலாம், குழந்தை அம்மாவைப் பார்க்கக் கூடாது.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைப் பார்த்தவர்களுக்கு இது நம்பவே முடியாத விஷயம். அங்கே கட்டிலுக்கு அடியில் ஒரு பாய் இருக்கும், பக்கத்தில் பிளாஸ்க் இருக்கும், அம்மாவோ ஆச்சியோ இல்லாத கட்டில் இருக்காது. ஆனால் இங்கிலாந்தில் இந்த விதிகளை எழுதியவர்கள் கொடூரர்கள் அல்ல. குழந்தைகளுக்காகவே வாழ்க்கையைக் கொடுத்த டாக்டர்கள், நர்ஸுகள். அவர்களிடம் காரணங்கள் இருந்தன. ஒன்று, தொற்று. ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்து வார்டில் வெளியிலிருந்து ஒரு தட்டம்மையோ டிப்தீரியாவோ உள்ளே வந்தால் வரிசையாகச் சவப்பெட்டிதான். அந்தப் பயத்தை நாம் கிண்டல் செய்ய முடியாது. இரண்டாவது காரணம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அம்மா வந்தால் குழந்தை அழுகிறது. அம்மா வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அழுகையை நிறுத்திவிடுகிறது. ஆகவே அம்மா வருவதுதான் பிரச்சனை.

தர்க்கம் பிசிறில்லாமல் இருக்கிறது, இல்லையா? வார்டு அமைதியாக இருந்தது. அமைதியாகிவிட்ட குழந்தையைப் பற்றி நர்ஸுகள் 'செட்டில் ஆகிவிட்டது' என்று சொல்வார்கள். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். எங்கள் வேலையில் இதற்கு அச்சு அசலான ஓர் இணை உண்டு: டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, ஒரு அலாரமும் இல்லை, எல்லாரும் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்கள். கடைசியில் பார்த்தால் அலாரம் அனுப்ப வேண்டிய புரோகிராமே செத்துக் கிடக்கும். சத்தம் வராததும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பது எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே அடிபட்டுக் கற்றுக்கொள்ளும் பாடம். அந்த டாக்டர்கள் நம்மைவிட முட்டாள்கள் இல்லை. அவர்கள் ஏன் அரை நூற்றாண்டுக்கு இதைப் பார்க்கவில்லை?

ஒரு காரணம், அவர்கள் படித்த புத்தகங்கள். 1894-இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் லூதர் எமெட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்புக் கையேடு பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சானது. குழந்தையைத் தாலாட்டாதே, முத்தம் கொடுக்காதே, நோய் பரவும் என்றது அது. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற டாக்டர் கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் என்ற முறையை ஒரு தேசிய இயக்கமாகவே மாற்றினார். அது பிரிட்டன் வரை வந்தது. நடுவில் பசித்து அழுதாலும் அழட்டும். ஒழுக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது அவர் எண்ணம்.

இந்த வரிசையில் உச்சம் ஜான் வாட்சன். நடத்தைவாத உளவியலின் தந்தை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 'சின்ன ஆல்பர்ட்' என்ற கைக்குழந்தைக்கு, சுத்தியலால் இரும்புக் கம்பியைத் தட்டி, வெள்ளை எலியைப் பார்த்தாலே பயப்படக் கற்றுக்கொடுத்தாரே, அவர்தான். அந்த ஆய்வில் உடனிருந்த மாணவி ரோசலி ரெய்னரோடு ஏற்பட்ட உறவு வெளியே தெரிந்து 1920-இல் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். நேராக ஒரு விளம்பரக் கம்பெனியில் போய்ச் சேர்ந்து பெரிய பதவிக்கும் போனார். 1928-இல் அவர் ரோசலியின் உதவியோடு எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம், விளம்பரத் துறையில் எட்டு வருடம் பழகிய கையால் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. மடியில் வைக்காதே, கட்டி அணைக்காதே, மிஞ்சிப் போனால் இரவு படுக்கும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் கைகுலுக்கு. இதை ஏராளமான அம்மாக்கள் வாங்கிப் படித்தார்கள். பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை, பேராசிரியர் சொன்னால் விஞ்ஞானம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 1930-இல் ரோசலி ஒரு பெற்றோர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார், நடத்தைவாதி ஒருவரின் மகன்களுக்கு அம்மாவாக இருப்பதைப் பற்றி. கணவரின் கொள்கையைத் தான் முழுசாக விழுங்கிவிடவில்லை என்பதை அதில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். அந்தக் கொள்கை பிறந்த வீட்டிலேயே அதற்கு முழு விசுவாசி இல்லை. ஆனால் ஊர் முழுக்க அதைக் கடைப்பிடித்தது.

அறிவுரை எப்படி ஊரைப் பிடிக்கிறது என்பதற்கு உளவியலிலேயே ஒரு பெயர்பெற்ற சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சாலமன் ஆஷ் செய்தது, 1951-இல் வெளிவந்தது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள். சில சுற்றுகளில் கூசாமல் தப்பான விடையைச் சொல்வார்கள். அந்த ஒருவர் என்ன செய்கிறார்? நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பு விடையைச் சொன்னார்கள். மொத்தமாக எடுத்தால் அந்தச் சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பதில் தப்பு. கண் முன்னால் கோடு இருக்கிறது, இருந்தும்.

எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள், மனிதர்கள் ஆட்டுமந்தை என்று சொல்லிவிட்டு. ஆனால் ஆஷ் இன்னொன்றும் செய்தார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தார். தப்பு விடைகள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு விழுந்துவிட்டன. ஒரே ஒரு ஆள் போதும். இங்கிலாந்தின் குழந்தைகள் வார்டுகளுக்கு அந்த ஒரு ஆள் ஒரு பாய்லர்காரராக வந்து சேர்ந்தார்.

ஜேம்ஸ் ராபர்ட்ஸன் ஸ்காட்லாந்தின் ரதர்க்ளென்னில் 1911-இல் பிறந்தவர். தொழிலாளர் குடும்பம். இளமையில் எஃகு ஆலை வேலை. போரில் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று மறுத்தவர்களில் ஒருவர். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அன்னா ஃப்ராய்ட், அதாவது சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள், ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகளுக்காகப் போர்க்காலக் காப்பகங்களை நடத்தினார். ராபர்ட்ஸனின் மனைவி ஜாய்ஸ் அங்கே பயிற்சியாளராகச் சேர, ராபர்ட்ஸனும் எடுபிடி வேலைகளுக்குச் சேர்ந்தார். பாய்லர் பார்ப்பது, ரிப்பேர், தீ எரியாமல் பார்த்துக்கொள்வது. அன்னா ஃப்ராய்ட் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்: பதவி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அன்று குழந்தைகளிடம் கவனித்ததை அட்டையில் எழுதித் தர வேண்டும். பாய்லர்காரரும் எழுதினார். என்ன கோட்பாடு என்று தெரியாமல், கண்டதை மட்டும் எழுதப் பழகினார். அவருக்குக் கிடைத்த கல்வியிலேயே சிறந்தது அதுதான் என்பது என் கட்சி.

போர் முடிந்ததும் சமூகப் பணியாளராகப் படித்தார். 1948-இல் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் போல்பி என்ற உளமருத்துவர் அவரை வேலைக்கு எடுத்தார். போல்பி நேர் எதிரான உலகத்து ஆள். அப்பா அரச குடும்பத்துக்கு அறுவை சிகிச்சை செய்த சர் பட்டம் பெற்ற சர்ஜன். அந்த வர்க்கத்து வழக்கப்படி போல்பியை வளர்த்தது ஆயாதான். மாலையில் டீக்குப் பிறகு சிறிது நேரம் அம்மா தரிசனம். உயிராக நேசித்த ஆயா அவருக்கு நான்கு வயது ஆவதற்குள் வேலையைவிட்டுப் போய்விட்டார். பிறகு போர்டிங் ஸ்கூல். பிரிவைப் பற்றியே ஆயுள் முழுக்க ஏன் எழுதினார் என்று யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். போல்பி ராபர்ட்ஸனுக்குக் கொடுத்த வேலை எளிமையானது: ஆஸ்பத்திரியில் இருக்கும் சின்னக் குழந்தைகளைப் போய்ப் பார், பார்த்ததை எழுது.

சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ராபர்ட்ஸன் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதுதான் முக்கியம். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், போய்விடுவார். ஒரு நர்ஸ் வெப்பநிலை பார்ப்பார், இன்னொருவர் சாப்பாடு ஊட்டுவார், மூன்றாமவர் துணி மாற்றுவார். ஒவ்வொருவரும் ஒரு வேலையைப் பார்த்தார்கள், யாரும் ஒரு குழந்தையை முழுசாகப் பார்க்கவில்லை. ஒரே குழந்தையின் முன் மணிக்கணக்காக, நாள்கணக்காக வேறு எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்த முதல் ஆள் அங்கே அவர்தான்.

அவர் கண்டது மூன்று கட்டங்கள். முதலில் எதிர்ப்பு: கத்துவது, கதவைப் பார்ப்பது, கம்பியை உலுக்குவது, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திரும்புவது. பிறகு நம்பிக்கை இழப்பு: சத்தம் குறைகிறது, விரல் வாயில், முகம் சுவரைப் பார்த்து. இதைத்தான் நர்ஸுகள் செட்டில் ஆகிவிட்டது என்றார்கள். மூன்றாவது கட்டம் இன்னும் ஏமாற்றக்கூடியது. குழந்தை சிரிக்கிறது, யார் வந்தாலும் போகிறது, பொம்மை வாங்கிக்கொள்கிறது, சாப்பிடுகிறது. அம்மா வந்தால் கண்டுகொள்வதில்லை. விலகல் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். வார்டின் பார்வையில் இது முழு வெற்றி. நீண்ட நாள் தங்கும் காசநோய்க் குழந்தைகளில் இது சர்வ சாதாரணம்.

இப்போது அந்த இரண்டாவது காரணத்தை மறுபடி பாருங்கள். அம்மா வந்தால் குழந்தை அழுகிறது என்றால், அமுங்கிக் கிடந்த துக்கத்துக்கு வெளியே வர ஓர் ஆள் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ராபர்ட்ஸன் இதை டாக்டர்களிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவர் டாக்டர் இல்லை. இன்னொரு பக்கம் நோபல் பரிசு தரத்துச் சான்று ஒன்று இங்கிலாந்திலேயே இருபது வருடத்துக்கு மேலாகக் கிடந்தது: நியூகாஸிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920-களிலிருந்தே அம்மாக்களைக் குழந்தைகளோடு ஆஸ்பத்திரியில் தங்கவைத்துக்கொண்டிருந்தார். அவர் வெளியாள் அல்ல, சர் பட்டம் பெற்ற, எல்லாரும் மதித்த பேராசிரியர். பாராட்டினார்கள். பின்பற்றவில்லை. 'அது நியூகாஸில், எங்கள் வார்டுக்கு ஒத்துவராது' என்பது போன்ற பதிலை எந்த ஆபீஸிலும் கேட்கலாம்.

பேச்சு எடுபடவில்லை என்றதும் ராபர்ட்ஸன் படம் எடுக்க முடிவு செய்தார். அதுவரை சினிமா கேமராவைத் தொட்டதில்லை. எடுத்த படத்தை என்ன சொல்லி ஒதுக்குவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெளிவாக யோசித்துவைத்திருந்தார். ரொம்ப அழுகிற குழந்தையாகப் பார்த்துப் பிடித்தாய் என்பார்கள். ஆகவே காத்திருப்போர் பட்டியலிலிருந்து குலுக்கல் போலக் குழந்தை தேர்ந்தெடுக்கப்பட்டது. அழுத நேரத்தை மட்டும் எடுத்தாய் என்பார்கள். ஆகவே தினமும் முன்பே தீர்மானித்த நேரங்களில் மட்டும் கேமரா ஓடும், அதற்குச் சாட்சியாக வார்டுக் கடிகாரம் படத்தில் தெரியும். விளக்கு வைக்கவில்லை, நடிகர் இல்லை, ஒலி இல்லை. லாக் ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் பதிவாவதை நாங்கள் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. அந்தக் கடிகாரம் அதேதான்.

சீட்டு விழுந்த குழந்தை லாரா. 2 வயது 5 மாதம். தொப்புள் குடலிறக்கத்துக்குச் சின்ன அறுவை சிகிச்சை, எட்டு நாள் தங்கல். வந்தவுடன் ராபர்ட்ஸனுக்கு அதிர்ச்சி. லாரா அந்த வயதுக்கு மீறிய கட்டுப்பாடு உள்ள குழந்தை. சுலபத்தில் அழாது. தன் கட்சிக்கு வலு சேர்க்க ஒரு குழந்தையைத் தேடுகிறவருக்கு இதைவிடத் துரதிர்ஷ்டம் உண்டா? ஆனாலும் அந்தக் குழந்தையையே எடுத்தார்.

படத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரிதாக எதுவும் நடக்காது, அதுதான் தாங்க முடியாதது. முதல் நாள் குளிப்பாட்டும்போது மட்டும் உடைந்து கத்தி, துணியில்லாமல் கதவை நோக்கி ஓடுகிறாள். அதன் பிறகு அடக்கிக்கொள்கிறாள். ஒரு கரடிப் பொம்மையும், 'பேபி' என்று அவள் பெயர் வைத்த ஒரு துணியும் கையைவிட்டு அகலாது. நர்ஸ் விளையாட்டுக் காட்டினால் முகம் சிரிக்கிறது, அடுத்த கணமே கோணி, அம்மா எங்கே என்று கேட்கிறாள். கத்திக் கேட்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத ஒரு பெரிய மனுஷியைப் போல, பேச்சோடு பேச்சாக. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். அம்மா பார்க்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். தன் சாமான்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொள்கிறாள். அம்மா கையை நீட்டுகிறார். பிடிக்காமல் தனியாக நடந்து போகிறாள்.

அவள் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் 'அடம்பிடிக்கிற குழந்தை' என்று தள்ளியிருப்பார்கள். சமர்த்துக் குழந்தை என்பதால் தள்ள முடியவில்லை. வார்டு எதை நல்ல குழந்தை என்று சொல்லுமோ அந்தக் குழந்தையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படம் காட்டிவிட்டது.

1952 நவம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் அரங்கில் டாக்டர்களும் நர்ஸுகளும் நிறைந்த கூட்டத்தில் திரையிட்டார்கள். விளக்கு போட்டதும் கொந்தளிப்பு. ராபர்ட்ஸன் குழந்தை மருத்துவத் துறையையே அவமானப்படுத்திவிட்டார், படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். இந்தக் குழந்தை விதிவிலக்கு, இந்தப் பெற்றோர் விதிவிலக்கு, எங்கள் வார்டில் இப்படி இல்லை. கடிகாரத்தைக் காட்டி, குலுக்கலைச் சொல்லி எந்தப் பயனும் இல்லை. பல வருடங்களுக்குப் படம் மருத்துவத் துறையினருக்கு மட்டுமே காட்டப்பட்டது. பொதுமக்கள் பார்த்தால் ஆஸ்பத்திரி மேலேயே நம்பிக்கை போய்விடும் என்று பயம்.

குழந்தைகள் மறந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன இன்னொரு சமாதானம். லாரா வீடு திரும்பிச் சில மாதங்களுக்குப் பிறகு, அவளுடைய பெற்றோருக்குப் படத்தைப் போட்டுக் காட்டும்போது அவளும் அதில் கொஞ்சம் பார்த்துவிட்டாள். உடைந்து அழுது, அம்மா பக்கம் கோபமாகத் திரும்பி, அப்போதெல்லாம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டாள்.

அன்று அந்த அரங்கில் கொதித்தவர்களில் டெர்மட் மெக்கார்த்தியும் ஒருவர், ஆமர்ஷம், ஐல்ஸ்பரி பக்கத்து மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவர். கோபத்தோடுதான் ஊர் திரும்பினார். ஆனால் வார்டுக்குள் நுழைந்தபோது, இத்தனை வருடம் காதில் விழாத ஒன்று விழ ஆரம்பித்தது. அதே வார்டு, அதே குழந்தைகள். படம் அவர் காதைத் திறந்துவிட்டிருந்தது. ஆளே மாறிவிட்டார். தலைமை நர்ஸ் ஐவி மோரிஸோடு சேர்ந்து தன் வார்டை அம்மாக்களுக்குத் திறந்துவிட்டார். ஆஷின் அறையில் இரண்டாவது ஆள் சரியான விடை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை சொன்னது ஒரு டாக்டர். ராபர்ட்ஸன் 1958-இல் அந்த வார்டிலேயே, அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு குழந்தையைப் பற்றி இரண்டாவது படம் எடுத்தார். 'எங்கள் வார்டுக்கு ஒத்துவராது' என்பதற்கு இப்போது திரையில் பதில் இருந்தது.

1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் தங்க ஏற்பாடு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்றுக்கொண்டது. அறிக்கை ஏற்கப்பட்டால் மாற்றம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம் நாட்டில் பிறக்காதவர்கள். அங்கேயும் அதே கதை: ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் இஷ்டப்படி இழுத்தது. 1961-இல் ராபர்ட்ஸன் பொறுமை இழந்து நேராக மக்களிடம் போனார். 'அப்சர்வர்' பத்திரிகையில் எழுதினார், பிபிசி தொலைக்காட்சியில் படத்தின் பகுதிகளைக் காட்டிப் பேசினார். அதே வருடம் லண்டனின் பேட்டர்ஸீ பகுதியில் சில அம்மாக்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரியிலும் பார்வை நேரம் என்ன என்று விசாரித்தார்கள், பட்டியல் போட்டார்கள், அரசு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகிகளிடம் கேள்வி கேட்டார்கள். கிளைகள் நாடு முழுக்கப் பரவின. வாட்சனின் புத்தகத்தை வாங்கி அடங்கிப்போன தலைமுறையின் மகள்கள் இவர்கள். கதவைத் திறக்கவைத்தது பெரும்பாலும் இவர்கள்தான் என்றே நினைக்கிறேன்.

விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ செய்த குரங்குச் சோதனைகள்தான் இந்த வரலாற்றில் பலருக்கும் தெரிந்த பகுதி: பால் தரும் கம்பித் தாயைவிட, பால் தராத துணித் தாயைக் குட்டிகள் கட்டிக்கொண்டன. 1958-இல் அவர் அதை அமெரிக்க உளவியல் சங்கத்தில் தலைமை உரையாகவே வாசித்தார். முக்கியமான ஆய்வுதான். ஆனால் வருடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், லாரா துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்கு ஆறு வருடம் முன்பு. பின்னாளில் அதே சோதனைக்கூடத்தில் குட்டிகளைத் தனிமையில் அடைத்து என்னென்ன செய்தார்கள் என்பதைப் படித்தால், குழந்தை சொன்னதை நம்பாததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தோன்றுகிறது. மேரி ஐன்ஸ்வொர்த் வேறு பாதையில் போனார். டாவிஸ்டாக்கில் ராபர்ட்ஸனின் குறிப்புகளைப் படித்து, ஆய்வு என்றால் இப்படித்தான் என்று முடிவு செய்து, 1954-இல் உகாண்டா போனபோது கம்பாலா பக்கத்துக் கிராமங்களில் 26 குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்தார். இன்றைய பற்றுறவுக் கோட்பாட்டின் அடித்தளம் அது. பாய்லர் அறையில் தொடங்கிய பழக்கம்.

இந்த வெற்றிக் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் போல்பி எழுதிய அறிக்கை, பிறகு மலிவுப் பதிப்பாக வந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. தாயின் இடைவிடாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு அத்தியாவசியம் என்பது அதன் சாரம். போர் முடிந்து, தொழிற்சாலைகளுக்குப் போன பெண்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நாடு எதிர்பார்த்த நேரம். வேலைக்குப் போகும் அம்மா குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டாள். முப்பது வருடத்துக்கு முன் கட்டி அணைத்ததற்காகக் குற்ற உணர்வு, இப்போது கட்டி அணைக்க நேரமில்லை என்று குற்ற உணர்வு. இரண்டையும் சொன்னது ஆண் நிபுணர்கள். அப்பாக்களுக்கு இரண்டு காலத்திலும் லீவு.

இதில் ராபர்ட்ஸன் தம்பதி போல்பியோடு முரண்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். 1960-களின் கடைசியில், அம்மா பிரசவத்துக்குப் போன நாட்களில் நான்கு குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகி, என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவின் போட்டோவை வீட்டில் வைத்து. ஜாய்ஸ் முழு நேரமும் கூடவே இருந்தார். குழந்தைகள் வருந்தின, ஆனால் அந்த மூன்று கட்டங்களுக்குள் விழவில்லை. ஆகவே பிரிவு மட்டுமே நோய் இல்லை, மாற்று ஆள் ஒழுங்காக இருந்தால் தாங்க முடியும் என்றார்கள். போல்பி ஒப்புக்கொள்ளவில்லை. இருபது வருட உறவில் விரிசல்.

ஒப்பீட்டுக்காக அவர்கள் எடுத்த படம் 'ஜான்'. 1969. 17 மாதக் குழந்தை, ஒன்பது நாள், நல்ல பெயருள்ள ஒரு குழந்தைகள் இல்லம். நர்ஸுகள் இளம்பெண்கள், அன்பானவர்கள், சிரித்த முகம். லாராவின் வார்டுக்குப் பதினேழு வருடத்துக்குப் பிறகும் வேலை மட்டும் அதே முறையில்தான் பிரிக்கப்பட்டிருந்தது: இவளுக்குச் சாப்பாடு, அவளுக்குக் குளியல், ஷிப்ட் மாறினால் வேறு இருவர். ஜான் முதலில் அழவில்லை. ஒவ்வொரு நர்ஸிடமும் போய் நிற்கிறான், அவளை ஏறிட்டுப் பார்க்கிறான், தன்னை எடுத்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடுகிறான். அங்கேயே வளர்ந்து பழகிய பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் போய்விடுகிறார்கள். மேரி என்ற நர்ஸ் கொஞ்சம் பிடித்துப்போகிறது. அவள் மடியில் ஏறுகிறான். அவளுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. நாளாக ஆகச் சாப்பாடு இறங்கவில்லை, தன்னைவிடப் பெரிய ஒரு கரடிப் பொம்மையின் மேல் படுத்துக்கொள்கிறான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. மேரிக்கு ஷிப்ட் முடிந்தது, அவள் வீட்டுக்குப் போனாள்.